பிள்ளைகளுக்கு வழித்துணையாக இருப்போம்



சேமிப்பு, கடன், வங்கி இணைப்பு பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இந்த முறை நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம்.

"என் பையன் சொன்ன பேச்சே கேட்கிறதில்ல" என்ற வார்த்தை வராத குழுக் கூட்டம் உண்டா? திட்டினால் திருந்துவான் என்று நினைக்கிறோம். ஆனால் அடிக்குப் பயப்படும் பிள்ளை செய்ததை மறைக்கத்தான் கற்றுக்கொள்கிறது.

நடந்த சம்பவம்

ஒரு கிராமத்து மாலை நேரப் படிப்பு மையத்திற்கு ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் வந்துகொண்டிருந்தான். எப்போதோ கடையில் பத்து ரூபாய் எடுத்துவிட்டான். அன்றிலிருந்து அவன் பெயரே 'திருடன்' என்றாகிவிட்டது. எது காணாமல் போனாலும் முதலில் அவன் பையைத்தான் சோதிப்பார்கள். பள்ளிக்குப் போவதும் குறைந்தது.

குழு உறுப்பினரான ஒரு அக்கா அவனுக்கு வழித்துணையாக இருக்க முன்வந்தார். எட்டாவது வரை படித்தவர். அவர் புத்திமதி சொல்லவில்லை. வாரம் இரண்டு நாள் மையத்துத் திண்ணையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பூ கட்டிக்கொண்டே, "இன்னைக்கு என்னடா நடந்துச்சு?" என்று கேட்பார். மூன்றாவது வாரம்தான் அவன் வாய் திறந்தான்.

பிறகு குழுக் கூட்டத்தில் வங்கிப் பாஸ்புக்கை வாசிக்கும் வேலையை அவனுக்குக் கொடுத்தார். வரவு, பற்று, இருப்பு என்று அவன் சத்தமாக வாசிக்க, படிக்கத் தெரியாத பாட்டிமார் கேட்டுக்கொண்டார்கள். பணம் சம்பந்தப்பட்ட வேலையை அவனை நம்பி ஒருவர் கொடுத்தது அதுதான் முதல் தடவை. பள்ளிக்கும் ஒழுங்காகப் போக ஆரம்பித்தான்.

இதில் தவறு செய்தது நாங்கள்தான். கூட்டமைப்புக் கூட்டத்தில், "கடையில் திருடிய பையன் இப்போ எப்படி மாறிட்டான் பாருங்க!" என்று பெருமையாகச் சொன்னோம். அவன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அடுத்த இரண்டு வாரம் மையத்திற்கே வரவில்லை.

அந்த அக்கா அவன் வீட்டுக்குப் போனார். "பாஸ்புக் வாசிக்க ஆளில்லப்பா. நாளைக்கு வர்றியா?" என்று மட்டும் கேட்டார். அவன் வந்தான். நாங்கள் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். பிள்ளையின் கதை பிள்ளைக்கே சொந்தம் என்பதை அன்று கற்றுக்கொண்டோம்.

வழித்துணையாக இருப்பது எப்படி?

1. சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் போக வேண்டும். ஒரு மணி நேரம் போதும். "வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தால் பிள்ளை மனசு விட்டுப்போகும்.

2. முதலில் கேளுங்கள், பிறகு பேசுங்கள். "ஏன் போகல?" என்பதைவிட, "போக விடாம எது தடுக்குது?" என்று கேட்டால் பதில் வரும்.

3. செய்த நல்லதைக் குறிப்பிட்டுப் பாராட்டுங்கள். வெறுமனே "நல்ல பிள்ளை" என்றால் போதாது. "தங்கச்சிக்கு நீயே கணக்குச் சொல்லிக் கொடுத்தியே, அது நல்லா இருந்துச்சு" என்று சொல்லுங்கள்.

4. தவறைக் கண்டியுங்கள், பிள்ளைக்குப் பட்டப்பெயர் வைக்காதீர்கள். மற்ற பிள்ளைகளோடு ஒப்பிடவும் வேண்டாம்.

5. பிள்ளையின் வயதுக்கேற்ற பொறுப்பு ஒன்றைக் கொடுங்கள்.

வாழ்க்கைத் திறன் என்றால் என்ன?

உலக சுகாதார நிறுவனம் 1990-களில் 10 வாழ்க்கைத் திறன்களைப் பட்டியலிட்டது: தன்னை அறிதல், பிறர் நிலையை உணர்தல், ஆராய்ந்து சிந்தித்தல், புதிதாகச் சிந்தித்தல், முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், தெளிவாகப் பேசுதல், உறவு பேணுதல், மன அழுத்தத்தைச் சமாளித்தல், உணர்ச்சிகளைக் கையாளுதல். பெயர்தான் பெரிசு. சந்தைக்குக் கூட்டிப்போய், "50 ரூபாய்க்கு என்ன காய் வாங்கலாம்?" என்று பிள்ளையையே யோசிக்க விட்டால் முடிவெடுத்தல் வந்துவிடும். கோபம் வரும்போது தண்ணீர் குடித்துவிட்டுப் பேசச் சொல்லிப் பழக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

* நாலு பேர் பார்க்கும் இடத்திலேயே பிள்ளையைச் சந்தியுங்கள். பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

* பிள்ளை சொன்னதை ஊரில் பேசாதீர்கள். ஆனால் அடி, பாலியல் தொல்லை, குழந்தைத் திருமணம் என்று தெரிந்தால் மறைக்கவும் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள், கட்டணம் கிடையாது.

* கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17-ன்படி பள்ளியில் பிள்ளையை அடிக்கவோ, மனம் நோகத் துன்புறுத்தவோ கூடாது. இதே சட்டப்படி அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் பெண்கள். அங்கே நம் குரல் ஒலிக்கட்டும்.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் ஊரில் பட்டப்பெயரோடு வாழும் பிள்ளை யாராவது உண்டா? அந்தப் பெயரைச் சொல்வதை முதலில் நிறுத்தப்போவது யார்?

2. வாரம் ஒரு மணி நேரம் ஒரு பிள்ளைக்காக ஒதுக்க நம்மில் யாரால் முடியும்?

பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். பிள்ளையின் பெயரை அல்ல, உங்கள் பெயரை!