கணினிப் பிரிவுக்குப் போகும் பிள்ளைக்கு

கண்டியிலேயே உனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று உன் அம்மா சொன்னாள். நிறுவனத்தின் தரவுகளைச் சொந்த டேட்டா சென்டரில் வைப்பதா, கிளவுட்டுக்குக் கொண்டுபோவதா என்று தீர்மானிக்கிற குழுவில் உன்னையும் சேர்த்திருக்கிறார்களாம். சந்தோஷம் பிள்ளை. இந்த நகரத்துக் கந்தோர்களில் ஃப்ளொப்பி காலத்திலிருந்து இதே வேலையைப் பார்த்தவன் நான். எந்தக் கம்பனி நல்லது, எந்த சேர்வர் மலிவு என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. நான் எழுதி முடிப்பதற்குள் அது மாறிவிடும். மாறாத சிலவற்றை மட்டும் கேட்டுக்கொள்.

1. தரவு என்று யார் சொன்னாலும், அதற்குப் பின்னால் நிற்கிற ஆளை நினை. நாம் மலையகத்துப் பிள்ளைகள். ஒரு பதிவு கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் இந்த மண்ணில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. லயத்தில் பிறந்தவர்களில் எத்தனை பேரிடம் அப்படியொரு கடதாசி இருந்தது? ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். என் பாட்டனாரின் பெயர் தோட்டத்துக் கந்தோரின் செக்ரோல் புத்தகத்தில் வருடக்கணக்காக இருந்தது. புத்தகம்தான் அவர் கையில் இல்லை. அந்தச் சட்டத்தின் நோக்கமே வேறு, கடதாசி ஒரு சாக்கு என்று உன் அப்பா சொல்வார். அவர் சொல்வது சரிதான். ஆனாலும் அந்தச் சாக்குக்கு இடம் கொடுத்தது, தன்னைப் பற்றிய பதிவு பிறர் அலுமாரியில் இருந்ததுதான். உன் திரையில் ஓடுகிற ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவருடைய சம்பளம், நோய், ஓய்வூதியம். அதை மறந்த நாளில் நீ வெறும் இயந்திரக்காரியாகிவிடுவாய்.

2. இடம் தேடுவதற்கு முன் என்ன இருக்கிறது என்று எண்ணு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். கிளவுட்டா, சொந்த அறையா என்று கூட்டம் போட்டு மணிக்கணக்காகப் பேசுவார்கள்; தங்களிடம் இருப்பது என்ன என்ற பட்டியல் ஒருவரிடமும் இராது. எனக்குத் தெரிந்த ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தவர் கடன் கணக்கு முழுவதும் ஒரே ஒரு இலிகிதரின் மடிக்கணினியில் இருந்தது. அவர் வெளிநாடு போன பிறகுதான் அது தெரியவந்தது. ஆகவே நடந்து போ. கணக்குப் பிரிவு, களஞ்சியம், முகாமையாளரின் லாச்சி, சாரதியின் வட்ஸ்அப் வரைக்கும் கேள். பெரிய உத்தியோகத்தர்களிடம் மட்டும் கேட்டால் பாதிதான் கிடைக்கும். தேநீர் கொண்டுவருகிறவருக்கும் எந்தப் பழைய கணினி எந்த மூலையில் கிடக்கிறது என்று தெரியும்.

3. சொந்த இயந்திர அறை என்ற பெருமைக்கு மயங்காதே. கண்டி குளிர்ச்சியான ஊர். ஆனால் சேர்வர் ஓடுகிற மூடிய அறைக்குள் அந்தக் குளிர் வராது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் டீசலுக்கு வரிசையில் நின்றார்கள். அறையைக் கட்டுவது சுலபம். பற்றரியை மாற்றுவதும், குளிரூட்டியைப் பழுது பார்ப்பதும், இரவில் எழுந்து ஓடிவர ஓர் ஆளை வைத்திருப்பதும்தான் வருடா வருடம் காசு கேட்கும். அந்தக் காசை ஒவ்வொரு வருடமும் ஒதுக்க மனமில்லாத நிறுவனம் அறை கட்டக்கூடாது. இதை முகத்துக்கு நேரே சொல்.

4. அதே மாதிரி, கிளவுட்டைக் கண்டும் கைகூப்பாதே. அதுவும் எங்கோ ஒரு கட்டடத்தில், யாரோ ஒருவருடைய பூட்டுக்குள் இருப்பதுதான். அமேசான் 2010இல் சிங்கப்பூரிலும் 2016இல் மும்பையிலும் தன் நிலையங்களைத் திறந்தது. மைக்ரோசொஃப்ட் 2015இல் சென்னை, புனே, மும்பைக்கு வந்தது. நம் தரவு பெரும்பாலும் அங்கேதான் போய்த் தங்குகிறது. அந்த நாட்டுச் சட்டம் அங்கே செல்லும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள். பில் டொலரில் வரும் என்பதையும் மறக்காதே. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது, மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. ஒரு கோப்பு கூடச் சேர்க்காமலே மாதக் கட்டணம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காவதைக் கணக்காளர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வரவுசெலவுத் திட்டம் எழுதும்போது டொலர் ஏறினால் எதை முதலில் நிறுத்துவது என்ற பட்டியலையும் சேர்த்து எழுது. நெருக்கடி வந்த பிறகு எழுதினால் கை நடுங்கும்.

5. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டுமென்று யாரும் விதிக்கவில்லை. இணையத்தளத்துப் படங்கள் எங்கே இருந்தாலும் குடி முழுகாது. நோயாளரின் கோவையோ ஊழியரின் அடையாள அட்டை இலக்கமோ அப்படியல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரச நிறுவனங்கள் தம்மிடமுள்ள தனிப்பட்ட தரவுகளை, விசேடமாக அனுமதிக்கப்பட்ட வகைகள் தவிர, நாட்டுக்குள்ளேயே கையாள வேண்டும் என்று எழுதப்பட்டது. சட்டங்கள் திருத்தப்படும், அன்றைக்குச் செல்லுபடியாகிற வடிவத்தை நீயே எடுத்து வாசி. விற்பனைக்கு வருகிறவர் சொல்லும் சட்டத்தை நம்பாதே.

6. இது எல்லாவற்றிலும் முக்கியம், பிள்ளை. தொடர்பு அறுந்து தனியாக இருக்கிற பிரதிதான் பிரதி. 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசாங்கக் கிளவுட்டில் ரான்சம்வேர் புகுந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற கிருமி அது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, ஜிஓவி டொட் எல்கே முகவரி வைத்திருந்த ஏறத்தாழ 5000 பேரின் மின்னஞ்சல்கள், மே 17 தொடங்கி அன்று வரைக்கும் உள்ளவை, திரும்பி வரவில்லை. பேக்கப் இருந்தது, ஆனால் அதுவும் அதே வலையமைப்பில் இணைந்திருந்ததால் சேர்ந்து பூட்டப்பட்டது. மென்பொருளோ 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அங்கே இருந்தவர்கள் அறிவில்லாதவர்கள் என்று நினைத்துவிடாதே. புதுப்பிக்கும் வேலை காசுக்காகவும் தீர்மானத்துக்காகவும் காத்துக் கிடந்தது. எந்தக் கந்தோரிலும் இப்படித்தான் நடக்கும்.

நான் வேலை பழகிய காலத்தில் எங்களுக்கு மூத்த ஒரு சிங்கள அதிகாரி இருந்தார். மாத்தயா என்றுதான் அழைப்போம். வெள்ளிக்கிழமை தோறும் பேக்கப் டேப்பை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வேறொரு கிளைக்குத் தானே கொண்டுபோவார். எசல பெரஹர நாட்களில் பின்னேரம் வீதிகளை மூடிவிடுவார்கள் என்று காலையிலேயே கிளம்பிவிடுவார். பியோனிடம் கொடுத்தனுப்பலாமே என்று ஒருநாள் கேட்டேன். டேப் போய்ச் சேர்ந்ததா என்று தன் கண்ணால் பார்க்காமல் தூக்கம் வராது என்றார். இன்றைக்கு டேப்பின் வேலையை மென்பொருள் பார்க்கிறது. அந்தத் தூக்கம் வராத குணத்தை எந்தக் கம்பனியிடமும் வாங்க முடியாது. மூன்று பிரதி வை, இரண்டு வகை ஊடகத்தில் வை, ஒன்றை வெளியூரில் வை, ஒன்றையாவது வலையமைப்பிலிருந்து கழற்றி வை. பிறகு அதை மீட்டுப் பார். மீட்டுப் பார்க்காத பேக்கப் ஏட்டுச் சுரைக்காய், கறிக்கு உதவாது. மாதா மாதம் போயாவுக்கு முதல் நாள் பின்னேரம் கந்தோர் காலியாகும். அந்த நேரத்தை இதற்கென்று எடுத்துக்கொள்.

7. கண்டியில் ஒரு பிரதி, பேராதனையில் ஒரு பிரதி என்று வைத்துவிட்டு இரண்டு இடம் என்று எழுதாதே. 2025 நவம்பரில் பஹல கடுகண்ணாவையில் மண் சரிந்து கொழும்பு வீதி மூடப்பட்டது. அந்த மாதக் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கண்டி மாவட்டம் பட்ட பாட்டை நீயே பார்த்தாய். ஒரே மழை, ஒரே ஆறு, ஒரே மின்கம்பி. மலைக்கு ஒன்று, சமவெளிக்கு ஒன்று என்று யோசி. வீதியும் தொலைபேசியும் இல்லாத மூன்று நாளைக்கு உன் நிறுவனம் கையால் எப்படி வேலை செய்யும் என்பதையும் கடதாசியில் எழுதி வை.

8. கையெழுத்துப் போடும்போதே வெளியேறும் வழியைக் கேள். பழைய காலத்தில் தோட்டத்தில் ‘துண்டு’ என்று ஒன்று இருந்தது. தொழிலாளியின் கடனை எழுதிய சீட்டு அது. அந்தக் கடனைத் தீர்க்க இன்னொரு தோட்டம் முன்வந்தால்தான் அவர் இடம் மாறலாம். 1921இல்தான் அதை ஒழித்தார்கள். உன் தரவைத் துண்டு எழுதிக் கொடுத்துவிடாதே. ஒப்பந்தம் முடிந்தால் எந்த வடிவத்தில் திருப்பித் தருவார்கள், எத்தனை நாளில், எவ்வளவு கட்டணத்தில், அவர்களிடமுள்ள பிரதியை அழித்ததற்கு என்ன அத்தாட்சி? இந்த நாலுக்கும் எழுத்தில் பதில் வராமல் பேனையைத் திறக்காதே. பிரதான கணக்கு நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கட்டும். ஓர் ஊழியரின் சொந்த மின்னஞ்சலில் திறந்த கணக்கினால் பட்ட அவஸ்தைகளை நிறையப் பார்த்துவிட்டேன். அழிக்கும் அதிகாரமும் அந்த அழிவிலிருந்து மீட்கும் பிரதியும் ஒரே கையில் இருக்கக்கூடாது. 2021 ஜூலையில் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் அரசாங்கக் கிளவுட்டிலிருந்து அழிந்துபோய், குற்றப் புலனாய்வுத் திணைக்களம் வரை விஷயம் போனது. மருந்துப் பதிவு அது. யாருடைய குற்றம் என்பதை விசாரணைக்கு விட்டுவிடு. ஒருவரால் அழிக்க முடிந்ததே என்பதுதான் நீ யோசிக்க வேண்டியது.

9. மேலிடத்துக்குக் கெட்ட செய்தியை முதலில் சொல்கிறவளாக இரு. புதுப்பிக்கக் காசு வேண்டும் என்று எழுதிக் கேள். இல்லை என்றால் அடுத்த வருடமும் எழுது, போன வருடக் கடிதத்தின் பிரதியையும் இணைத்து எழுது. கோபப்பட்டு எழுதாதே; என்ன இழப்போம், யார் பாதிக்கப்படுவார்கள் என்று மட்டும் எழுது. தெரியாத கேள்விக்குத் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்று சொல். கூட்டத்தில் தலையாட்டிவிட்டு வெளியே வந்து முணுமுணுக்கிறவர்களால்தான் நிறுவனங்கள் மூழ்குகின்றன.

10. உனக்குத் தெரிந்ததெல்லாம் உன் தலைக்குள்ளேயே இருந்தால், நீயும் அந்த மடிக்கணினி இலிகிதர்தான். செய்முறையைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுது. இரவில் காவலுக்கு நிற்கிற பையனுக்கும் விளங்க வேண்டும். எழுதியதை அவன் கையில் கொடுத்து, நீ பக்கத்தில் நின்று வாய் திறக்காமல், அவன் செய்வதைப் பார். அவன் தடுமாறுகிற இடத்தில் உன் எழுத்துத்தான் பிழை.

திங்கட்கிழமை போனதும் பெரிய திட்டம் எதையும் தொடாதே. போன மாதச் சம்பளப் பட்டியலை பேக்கப்பிலிருந்து எடுத்துத் தரச் சொல்லிக் கேள். யார் எடுத்தார், எங்கிருந்து எடுத்தார், எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொள். எடுக்க முடியவில்லை என்றால் யாரையும் குறை சொல்லாமல் அதையும் குறித்துக்கொண்டு எனக்கு ஃபோன் எடு. இரவுச் சாப்பாட்டுக்கு முன் எடுத்தால் ஆறுதலாகப் பேசலாம்.