காசநோய்க் கிருமியை விரைந்து கண்டறிதல்

காசநோயை உண்டாக்கும் கிருமியை ராபர்ட் காக் 1882-ஆம் ஆண்டில் கண்டறிந்து அறிவித்தார். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, சளிக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் காண்பதே முதன்மைச் சோதனையாக இருந்து வந்தது. இம்முறை எளியது, செலவு குறைந்தது. ஆயினும் ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் அவை புலப்படும். கிருமியை வளர்த்துக் காண்பது இதனினும் நுட்பமானது. ஆனால் அது மிக மெதுவாகப் பெருகுவதால், திட ஊடகத்தில் முடிவு தெரிய 8 வாரங்கள் வரை ஆகலாம். அதற்குள் நோய் பிறருக்கும் பரவிவிடக்கூடும்.

இக்குறையைப் போக்க வந்ததே மரபணுப் பெருக்கச் சோதனை. கிருமியின் டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட பகுதியைப் பன்மடங்கு பெருக்கி இது கிருமியை இனங்காண்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2010-இல் பரிந்துரைத்த கருவி 2 மணி நேரத்தில் முடிவைத் தருவதுடன், ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் காட்டுகிறது. அந்நிறுவனம் 2020-இல் ஏற்ற இந்தியக் கருவியான ட்ரூநாட், மின்கலத்தால் இயங்குவதால் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் ஏற்றது.

எனினும், இறந்த கிருமியின் டி.என்.ஏ.வையும் இச்சோதனை காட்டக்கூடும். எனவே, சிகிச்சையின் பலனை அறிய நுண்ணோக்கியும் வளர்ப்பு முறையும் இன்றும் இன்றியமையாதவை.