கடன் இருக்கக் கார் வாங்கலாமா?

இல்லறத்தார்க்குப் பொருள் வேண்டும். பொருளீட்டத் தொழில் வேண்டும். இக்காலத்தில் தொழிலுக்கு ஊர்தியும் வேண்டியதாகின்றது. ஆயின் முன்பட்ட கடன் தீராதிருக்கையில், தொழிலுக்கென மற்றுமொரு கடன் பெற்றுக் கார் வாங்குதல் தகுமா? நம் குடும்பங்களில் இளைஞர் பலர் இன்று எதிர்கொள்ளும் வினா இது. இதனை ஒரு குடும்பத்தின் கணக்கைக் கொண்டே ஆராய்வோம்.

அண்மையில் உறவினர் மகன் ஒருவர் நம்மிடம் வந்தார். வந்தவாசியில் குடியிருந்து, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் ஆகிய ஊர்களுக்குச் சென்று கருவிகளைப் பழுதுபார்க்கும் பணி செய்பவர். "பெரியப்பா, கார் வைத்திருந்தால் மேல்பதவி தருவதாகச் சொல்கிறார்கள். மாதம் ஆறாயிரம் கூடும். அம்மாவின் மீதி நகையை வைத்து முன்பணம் கட்டிவிடலாம் என்றிருக்கிறேன்" என்றார். அவருடைய அன்னையார் வாய் திறவாமல் அமர்ந்திருந்தார். அம்மையாரின் நகையிற் பாதி, மகளின் திருமணத்தின்போதே வங்கிக்குச் சென்றுவிட்டது. "தம்பி, முதலில் தாளை எடு. உள்ளதை எழுதுவோம்" என்றோம்.

எழுதியவை இவை. மாத வருவாய் ரூ.38,000. குடும்பச் செலவு ரூ.20,000. ஊரில் புரோநோட்டு எழுதிப் பெற்ற கடன் ரூ.1,00,000, நூற்றுக்கு இரண்டு வட்டியாக மாதம் ரூ.2,000. வங்கியில் நகைக்கடன் ரூ.2,00,000, ஆண்டுக்கு 9 விழுக்காடாக மாதம் ரூ.1,500. தனிநபர் கடன் தவணை ரூ.5,500, இன்னும் 20 மாதங்கள் உள்ளன. அனைத்தும் போக எஞ்சுவது ரூ.9,000.

அவர் விரும்பிய புதிய காரின் விலை ரூ.6,50,000. நகையை வைத்து ரூ.1,00,000 முன்பணம், மீதம் ரூ.5,50,000 கடன். 10 விழுக்காடு வட்டியில் ஏழாண்டுகளுக்கு மாதத் தவணை ரூ.9,131. "கையில் ஒன்பதாயிரம் மிஞ்சுகிறது, தவணையும் ஒன்பதாயிரம்தானே" என்பது அவர் கருத்து. இவ்விடத்திலேதான் பலரும் பிழைபடுகின்றனர். தவணையைக் கட்ட முடியுமா என்று கேட்பது போதாது. அந்தக் கார் தன் தவணையைத் தானே ஈட்டித் தருமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டம். கிலோமீட்டருக்கு ரூ.10 வீதம் பயணப்படி ரூ.15,000. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் எனவும், பெட்ரோல் ரூ.100 எனவும் கொண்டால் எரிபொருட் செலவு ரூ.10,000. காப்பீடு, பராமரிப்பு, டயர் ஆகியவற்றிற்கு ரூ.3,000. மிஞ்சுவது ரூ.2,000. இப்பொழுது மோட்டார் சைக்கிளில் செல்வதிலும் அவருக்கு ஏறத்தாழ இவ்வளவே மிஞ்சுகிறது. அது வருவாயில் சேர்க்கப்பட்டுள்ளது. ஆகவே காரினால் புதிதாக வருவது ஊதிய ஏற்றமாகிய ரூ.6,000 மட்டுமே. செல்வதோ, தவணை ரூ.9,131, புதிய நகைக்கடன் வட்டி ரூ.750, ஆக ரூ.9,881. மாதந்தோறும் ரூ.3,881 குறைவு. ஏழாண்டுகளில் கார்க்கடனுக்குச் செலுத்தும் வட்டி மட்டும் ஏறத்தாழ ரூ.2,17,000. காப்பீட்டுக் கணக்கில் ஐந்தாம் ஆண்டு முடிவில் காரின் மதிப்பு பாதியாகக் குறைந்துவிடும். அப்பொழுதும் கடனில் ஏறத்தாழ ரூ.1,98,000 நிற்கும்.

இனி மற்றொரு வழியைக் காண்போம். எஞ்சும் ரூ.9,000 முழுவதையும் புரோநோட்டுக் கடனின் அசலுக்குச் செலுத்துக. இரண்டு வட்டி என்பது ஆண்டுக்கு 24 விழுக்காடு. மிகுந்த வட்டியுள்ள கடனை முதலில் தீர்ப்பதே முறை. பதினோராம் மாதத்தில் அக்கடன் தீரும். பின்னர் மாதம் ரூ.11,000 சேமித்தால் இருபதாம் மாதத்தில் கையில் ரூ.1,08,000 இருக்கும். அதே மாதத்தில் தனிநபர் கடனும் முடிவடையும். அப்பொழுது ரூ.3,00,000 விலையுள்ள பழைய காரை, ரூ.1,00,000 முன்பணமும் ரூ.2,00,000 கடனுமாக வாங்கலாம். 14 விழுக்காடு வட்டியே ஆயினும் மூன்றாண்டுத் தவணை ரூ.6,836. பழைய காருக்குப் பராமரிப்பு ரூ.1,000 கூடும் என்று கொண்டாலும், ஏற்றம் போகக் கையிலிருந்து ரூ.1,836 மட்டுமே இடவேண்டும். மீதமுள்ள ரூ.14,664 நகைக்கடனுக்குச் செல்லும். வட்டி கட்டி நகைக்கடனை ஆண்டுதோறும் புதுப்பித்து வந்தால், இன்றிலிருந்து மூன்றாண்டுகளுக்குள் நகை வீடு திரும்பும். ஐந்தாண்டுகளுக்குள் கார்க்கடனும் தீரும்.

"இருபது மாத ஏற்றம் போய்விடுமே, பெரியப்பா?" என்று கேட்டார். நியாயமான கேள்வியே. ரூ.1,20,000 வாராதொழியும். ஆயினும் முதல் வழியில் அந்த ஏற்றம் வீட்டிற்கு வருவதில்லை. வீட்டுப் பணத்தையும் உடனழைத்துக்கொண்டு தவணைக்குப் போய்விடுகிறது. மேலும் அந்த ஏற்றம் வாய்ச்சொல்லேயன்றி எழுத்தில் இல்லை. ஆதலின் அதனை எழுத்தில் பெறுமாறும், அதுவரை தேவையான நாள்களில் வாடகைக் கார் எடுக்க நிறுவனம் இசையுமா என்று கேட்குமாறும் கூறினோம். பதவி காத்திராது எனின், புரோநோட்டுக் கடன் தீர்ந்து சிறிது முன்பணம் சேர்ந்தவுடனே பழைய காரை நாடலாம். எவ்வாறாயினும் அன்னையின் மீதி நகையைத் தொடலாகாது.

கார்க்கடன் பெறுவோர் அறிய வேண்டுவன:

1. வட்டி நிலைவட்டியா, குறையும் நிலுவைக்கு உரிய வட்டியா என்று கேட்க. ரூ.3,00,000க்கு 9 விழுக்காடு நிலைவட்டியில் நான்காண்டுத் தவணை ரூ.8,500. இது உண்மையில் ஏறத்தாழ 16 விழுக்காடாகும்.

2. 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்க்குக் கடன் வழங்கும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும், கட்டணங்கள் உட்பட ஆண்டு வட்டி எவ்வளவு என்பதைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைக் கடன் பெறுவோர்க்குப் புரியும் மொழியில் தருதல் வேண்டும். அதனைப் படித்த பின்னரே கையொப்பமிடுக.

3. கடன் தகவல் நிறுவனங்கள் 300 முதல் 900 வரை மதிப்பெண் இடுகின்றன. தவணை தவறினால் மதிப்பெண் குறையும். ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தருகிறது. கடன் கேட்கும் முன் அதனைப் பார்த்துப் பிழையிருப்பின் திருத்துக.

4. வெள்ளைப் பலகைக் காரை வாடகைக்கு விடுதல் சட்டத்திற்கு மாறானது. விபத்து நேரின் காப்பீட்டுத் தொகையும் மறுக்கப்படலாம்.

5. கடன் தீர்ந்தவுடன் தடையின்மைச் சான்றும் படிவம் 35உம் பெற்று, பதிவுச் சான்றிலுள்ள அடமானக் குறிப்பை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நீக்குக.

சமந்தபத்திராசாரியார் தம் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில், பொருள்வரைதல் என்னும் விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். அவற்றுள் முதலாவது, ஆசையினால் விலங்குகளை அவற்றின் ஆற்றலுக்கு மேற்பட்ட தொலைவு ஓட்டுதல். இறுதியானது, அளவிற்கு மிஞ்சிய பாரம் ஏற்றுதல். இடையில் பிறர் செல்வம் கண்டு வியத்தலும் உள்ளது. வண்டிமாட்டிற்குக் கூறிய இவ்வளவு, வருவாய் ஈட்டும் மகனுக்கும் பொருந்தும் அன்றோ?

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இன்னும் முடிவு கூறவில்லை. அன்னையார் மட்டும் புறப்படும்போது, "அந்தத் தாளைத் தொலைத்துவிடாதேப்பா" என்றார்.

பயிற்சி: இவ்வார இறுதியில் குடும்பத்தினர் அனைவரும் ஒருங்கமர்ந்து, வருவாய், செலவு, ஒவ்வொரு கடனின் அசல், அதன் ஆண்டு வட்டி ஆகிய நான்கினையும் ஒரே தாளில் எழுதுக. வட்டி மிகுந்த கடன் எது என்பதைப் பிள்ளைகளைக் கொண்டே கண்டறியச் செய்க.