முதல் மிடறு யார் கையிலிருந்து?

மதுவினால் கல்லீரல் பாதிக்கப்பட்டு வருவோரிடம், எந்த வயதில் குடிக்கத் தொடங்கினீர்கள் என்று மருத்துவர்கள் கேட்பதுண்டு. பலருடைய விடை பள்ளிப் பருவத்தைச் சுட்டுகிறது. முதலில் கொடுத்தவர் யார் என்று கேட்டால், அண்ணன், மாமா, திருவிழாவுக்கு வந்த உறவினர் என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. எனவே, சிறார் மதுப்பழக்கத்தைத் தடுக்கும் பணி பெரியவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும்.

இளம் வயதில் தீங்கு ஏன் மிகுதி?

மூளையின் வளர்ச்சி ஏறத்தாழ 25 வயது வரை தொடர்கிறது. விளைவை எண்ணித் தன்னை அடக்கிக்கொள்ள உதவும் முன்மூளைப் பகுதி இறுதியாகவே முதிர்கிறது. அதற்குள் மதுவுக்குப் பழகும் மூளை எளிதில் அதற்கு அடிமையாகிறது. 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்குவோர் பிற்காலத்தில் குடிநோய்க்கு ஆளாகும் வாய்ப்பு, 21 வயதுக்குப் பின் தொடங்குவோரைவிடப் பல மடங்கு அதிகம்.

இரண்டு தவறான எண்ணங்கள்

சளிக்குக் குழந்தைக்குச் சிறிது பிராந்தி கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் உள்ளது. அது சளியைத் தீர்க்காது. இரத்தச் சர்க்கரையைக் குறைத்து மயக்கத்தையும் வலிப்பையும் உண்டாக்கக்கூடும். பீர் தீங்கற்றது என்பதும் தவறு. 5 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட 650 மி.லி. பீரில், 60 மி.லி. பிராந்தியில் உள்ளதைவிடக் கூடுதலான ஆல்கஹால் உள்ளது.

சட்டம் கூறுவது

தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, மருத்துவரின் ஆணையின்றி 18 வயதுக்குட்பட்டவருக்கு மது கொடுப்பவருக்கு 7 ஆண்டுகள் வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். மதுவைக் கொண்டுசெல்லச் சிறாரைப் பயன்படுத்துவதற்கும் அதே தண்டனை உண்டு.

ஊர் கூடினால் மாறுமா?

மாறும் என்பதற்கு ஐஸ்லாந்து நாடு சான்று. அங்கு 15, 16 வயதினரில், முந்தைய ஒரு மாதத்தில் குடித்துப் போதையடைந்தோர் 1998இல் 42 விழுக்காடாக இருந்தனர். 2016இல் அது 5 விழுக்காடாகக் குறைந்தது. அங்கு வெறும் அறிவுரையோடு நின்றுவிடவில்லை. பெற்றோர் ஒன்றுகூடிப் பொது உறுதிமொழி ஏற்றனர்; பிள்ளைகள் இரவில் வெளியே திரிவதற்குக் கட்டுப்பாடு வந்தது; விளையாட்டுக்கும் இசைக்கும் பயிற்சிகள் பெருகின.

நம் தெருவிலும் இவற்றைச் செய்யலாம்:

1. திருமணம், காதணி விழா, கோயில் திருவிழா ஆகியவற்றில் மது விருந்து வேண்டாமென உறவினர்கள் கூடி முடிவு செய்தல்.
2. மதுவோ அதனுடன் கலக்கும் சோடாவோ வாங்கப் பிள்ளைகளை அனுப்பாதிருத்தல்.
3. மாலை நேரத்தில் விளையாட்டுத் திடலையும் நூலகத்தையும் பிள்ளைகளுக்குத் திறந்துவைத்தல்.
4. பிள்ளையின் நண்பர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் அறிந்திருத்தல்.

குடிப்பவர் நிறுத்த விரும்பினால்

பிள்ளைக்காகக் குடியை விட எண்ணும் தந்தையர் பலர். அது போற்றத்தக்கது. ஆனால், நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும், இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், அதன்பின் மனக்குழப்பமும் ஏற்படக்கூடும். இது உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்துகளால் இதைத் தடுக்க முடியும். எனவே, கோயிலில் கயிறு கட்டி உறுதி ஏற்பவர், அதற்கு முன்பே மருத்துவரைக் காண வேண்டும்.

குடித்த ஒருவர் எழுப்பியும் எழாவிட்டால், மோரோ எலுமிச்சைச் சாறோ புகட்டாதீர்கள். வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள். மதுப்பழக்கத்திலிருந்து மீள்வதற்கான ஆலோசனையை 14446 என்ற எண்ணிலும், மனநல ஆலோசனையை 14416 என்ற எண்ணிலும் கட்டணமின்றிப் பெறலாம். குடிநோய் சிகிச்சைக்குரிய நோயே. உதவி கேட்பதில் வெட்கத்துக்கு இடமில்லை.