கராஜுக்கு ஹீட்டர் வாங்கப் போகிறீர்களா?

கனடாவில் டிசம்பர் பிறந்தால், வீட்டு கராஜில் ஸ்பேனரைத் தொட்டாலே விரல் விறைத்துவிடும். ஹீட்டருக்குப் பணம் கொடுக்குமுன் இவற்றைக் கவனியுங்கள்.

● இரவில் உள்ளே விளக்கைப் போட்டுவிட்டு வெளியே நின்று பாருங்கள். கதவின் அடியில் வெளிச்சம் கசிகிறதா? சூடும் அந்த வழியேதான் போகும். ரப்பர் பட்டையை மாற்றி, சுவருக்கும் கூரைக்கும் இன்சுலேஷன் போட்ட பிறகே ஹீட்டரின் அளவை முடிவு செய்யுங்கள்.

● எப்போதாவது ஒரு மணி நேர வேலை என்றால் 1,500 வாட் பிளக் ஹீட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும். அதை எக்ஸ்டென்ஷன் வயரில் செருகவே கூடாது.

● வாராவாரம் வேலை செய்பவர்களுக்கு 240 வோல்ட், 5,000 வாட் மின் ஹீட்டர் ஏற்றது. இதற்குத் தனியாக 30 ஆம்பியர் பிரேக்கர் தேவை. எலக்ட்ரீஷியனை வைத்தே பொருத்துங்கள்.

● கதவை அடிக்கடி திறப்பீர்களா? அகச்சிவப்பு ஹீட்டர் நல்லது. அது காற்றைவிட ஆளையும் தரையையும் நேரடியாகச் சூடாக்கும்.

● தினமும் புழங்கும் இடத்துக்கு ஹீட் பம்ப் சிக்கனம். கோடையில் அதுவே ஏசி. கடுங்குளிருக்கென்று செய்த மாடலாகக் கேட்டு வாங்குங்கள்.

● பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். எனவே கேஸ் ஹீட்டரின் பர்னர் தரையிலிருந்து 18 அங்குலமாவது உயரத்தில் இருக்கட்டும். புகைக்குழாய் வெளியே போக வேண்டும்.

● கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அலாரம் மாட்டுங்கள். மூடிய கராஜில் கரி அடுப்பை ஒருபோதும் மூட்டாதீர்கள்.