மாணவர் கைத்திறனும் சந்தையும்: காளஹஸ்தி தரும் படிப்பினை

மாணவர் செய்த பொருள் உரிய விலைக்கு விற்றால்தான் தொழிற்பயிற்சி வாழ்வுக்கு வழியாகும். இதனை ஆராய ஸ்ரீகாளஹஸ்தி ஏற்ற இடமாகும். முன்பு சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர் 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கும். நலிந்துவந்த கலங்காரிக் கலையைக் காக்க, கமலாதேவி சட்டோபாத்யாயவின் முயற்சியால் 1957இல் இங்குப் பயிற்சி நிலையம் அமைந்தது.

கடுக்காயும் பாலும் கலந்த நீரில் துணியைத் தோய்த்து, இரும்பும் வெல்லமும் ஊறிப் புளித்த கறுப்புச் சாயத்தால் மூங்கில் எழுதுகோல் கொண்டு வரைவர். பின்னர்ப் படிகாரமிட்டு, வண்ணமேற்றி, ஓடும் நீரில் பலமுறை அலசுவர்.

இதிலிருந்து மூன்று படிப்பினைகள் கிடைக்கின்றன. முதலாவதாக, துணி, சாயம் ஆகியவற்றின் விலையுடன் உழைத்த நாட்களின் கூலியும் கணக்கில் சேர வேண்டும். இன்றேல் தேர்ச்சி பெற்றவரும் வேறு தொழிலை நாடுவர். இரண்டாவதாக, வாங்குவோரின் தேவையை அறிதல் வேண்டும். கோயில் திரைச்சீலைகளை வாங்குவோர் சிலரே. அதே கைத்திறன் சேலையிலும் துப்பட்டாவிலும் இடம்பெற்றபோது சந்தை விரிந்தது. மூன்றாவதாக, மலிவான அச்சுத் துணியிலிருந்து கைவரைவை வேறுபடுத்திக் காட்ட வேண்டும். 2005-06இல் பதிவான புவிசார் குறியீடு இதற்குத் துணைபுரிகிறது.

ஆகவே, பயிற்சி நிலையங்களில் எழுதுகோலுடன் கணக்கேட்டையும் மாணவர் கையாளப் பழகுதல் இன்றியமையாததாகும்.