கிராம சபைத் தீர்மானம்: எழுதும் முறையும் எண்ணும் முறையும்

கள்ளக்குறிச்சி வட்டாரத்துச் சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில் அங்கத்தினர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அது சங்கத்தைப் பற்றியதே அன்று. "எங்கள் ஊராட்சியில் எத்தனையோ தீர்மானம் போட்டாயிற்று, ஐயா, ஒன்றும் நடக்கவில்லையே, ஏன்?" என்பதே அக்கேள்வி. வடிகால் இல்லாத தெருவில் மழைநீர் தறிக்குழிக்குள் இறங்கினால் நெசவாளரின் பாவு நனைந்து அந்த வாரக் கூலி போய்விடுகிறது. கல்வராயன் மலைமேல் உள்ள விவசாயி, பாதை இல்லாத குக்கிராமத்திலிருந்து கடுக்காயையும் புளியையும் தலைச்சுமையாக இறக்குகிறார். அதே வழியில்தான் நோயாளியையும் தூளி கட்டித் தூக்கி வர வேண்டியிருக்கிறது. இவை கூட்டுறவு இலாகாவைச் சேர்ந்தவை அல்ல என்று சொல்லி நழுவிவிட நமக்கு மனம் வருவதில்லை. ஆகையால் இத்திங்கள் பாடத்தை ஊராட்சித் தீர்மானத்திற்கே ஒதுக்குகிறோம்.

முதலில் ஒரு வேறுபாடு. தலைவரும் வார்டு உறுப்பினர்களும் கூடுவது ஊராட்சி மன்றம். நம் மாவட்டத்தில் இம்மன்றங்களுக்கு 2021 அக்டோபரில் தேர்தல் நடந்தது. கிராம சபை என்பது வேறு. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் அங்கத்தினரே. சங்கத்தில் நிர்வாகக் குழுவுக்கும் மகாசபைக்கும் உள்ள உறவை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. தேவைப்பட்டால் சிறப்புக் கூட்டமும் கூட்டலாம்.

இனி, தீர்மானம் ஏன் தூங்கிவிடுகிறது என்பதைப் பார்ப்போம். நம்முடைய அனுபவம் ஒன்றைக் கூற வேண்டும். அது நமக்குப் பெருமை தருவதன்று. நாம் வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு சங்கத்தின் மினிட் புத்தகத்தில், "அங்கத்தினர் நலன் கருதி ஒரு தராசு வாங்கத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதியிருக்கக் கண்டோம். என்ன விலைக்கு, எந்த நிதியிலிருந்து, யார் வாங்குவது என்று ஒரு சொல்லும் இல்லை. காரியதரிசி பில்லைக் காட்டினார். தொகை குறிப்பிடாத தீர்மானத்தின் பேரில் செலவை ஒப்புக்கொள்ள இயலாது என்று நாம் தணிக்கை ஆட்சேபனை எழுதிவிட்டுப் பஸ் ஏறினோம். சட்டப்படி நாம் எழுதியது சரியே. ஆனால் குழு பயந்து தராசைக் கடைக்காரரிடமே திருப்பிவிட்டது. அந்தப் பருவம் முழுவதும் மரவள்ளிக் கிழங்கு வியாபாரியின் தராசிலேயே நிறுக்கப்பட்டது. அடுத்த கூட்டத்தில் தொகையைக் குறித்துத் திருத்தத் தீர்மானம் நிறைவேற்றிக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அதைச் சொல்ல அன்று நமக்குத் தோன்றவில்லை.

ஊராட்சித் தீர்மானங்களுக்கும் இதே நோய்தான். "சாலை வசதி செய்துதர அரசை வேண்டிக் கேட்டுக்கொள்வதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்ற வாசகம் ஆண்டுதோறும் எழுதப்படுகிறது. இதைக் கையில் வாங்கும் அதிகாரி என்ன செய்வார்? எந்தச் சாலை, எத்தனை நீளம், யாருடைய நிலம் என்பது அதில் இல்லாததால் கோப்பில் வைத்துவிடுவார். அவரைக் குறை சொல்வதற்கும் இடமில்லை.

மலைப்பகுதியில் இக்குறை மேலும் பெரிதாகிறது. கல்வராயன் மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்களாக இருந்து, பின்னரே மற்ற ஊர்களைப்போல் அரசின் நேர் நிர்வாகத்திற்கு வந்தது. வசதிகள் பிந்தியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் இன்று குக்கிராமத்துப் பாதைக்குப் பெரும்பாலும் தடையாய் நிற்பது காப்புக்காடு. காட்டில் சாலை போட மத்திய அரசின் அனுமதி வேண்டும், ஆகவே ஒன்றும் செய்வதற்கில்லை என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். இது பாதி உண்மை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, 2ஆம் உட்பிரிவு ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி, நியாய விலைக் கடை, மின்கம்பி, குடிநீர்க் குழாய், சிறு பாசனக் கால்வாய், சாலை முதலிய பதின்மூன்று வகை வசதிகளுக்கு, அரசு அமைப்பதாயின், ஒவ்வொன்றுக்கும் ஒரு எக்டேருக்குக் குறைவான வனநிலத்தை ஒதுக்கலாம். எக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டலாகாது. இவற்றோடு மற்றொரு நிபந்தனை: அத்திட்டத்தைக் கிராம சபை பரிந்துரைத்திருக்க வேண்டும்.

பாமரன் வேண்டுகோள் என்று நாம் நினைக்கும் தீர்மானம் இங்கே சட்டம் கேட்கும் ஆவணமாகிவிடுகிறது. அது இல்லையேல் ரேஞ்சர் கோப்பைத் திறக்க முடியாது. அது இருந்தால் ரேஞ்சர் இடத்தைப் பார்வையிட்டு மாவட்ட வன அலுவலருக்கு அனுப்புகிறார்; அவர் இசையாவிடில் விஷயம் மாவட்டக் குழுவுக்குப் போகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாலையின் அகலம் 3.75 மீட்டர் என்று கொண்டால், ஒரு எக்டேரான 10,000 சதுர மீட்டரில் ஏறக்குறைய 2,660 மீட்டர் நீளம் அமையும். ஒரு குக்கிராமத்தைத் தார்ச்சாலையோடு சேர்க்கப் பல இடங்களில் இதுவே போதும். 1,200 மீட்டர் நீளமே வேண்டும் எனில் நிலம் 0.45 எக்டேர், வெட்டத்தக்க மரங்கள் 33. இந்தக் கணக்கைத் தீர்மானத்திலேயே எழுதிவிட வேண்டும். மாதிரி ஒன்று தருகிறோம். இடங்களின் பெயரை மட்டும் நிரப்பிக்கொள்க:

"இன்ன குக்கிராமத்திலிருந்து இன்ன சாலை வரை 1,200 மீட்டர் நீளமும் 3.75 மீட்டர் அகலமும் உள்ள சாலையை ஊராட்சி ஒன்றியத்தின் மூலம் அமைக்கவும், அதற்கு வேண்டிய 0.45 எக்டேர் வனநிலத்தை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பிரிவு 3(2)இன்படி ஒதுக்கவும் இச்சபை பரிந்துரைக்கிறது. வெட்ட வேண்டிய மரங்கள் 33க்கு மேற்படா. வயது வந்த அங்கத்தினர் 400, வந்திருந்தோர் 215, அவர்களுள் பெண்கள் 96. பிரேரேபித்தவர் இன்னார்; ஆமோதித்தவர் இன்னார்."

வந்திருந்தோர் எண்ணிக்கையை எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு; பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் அது. சாதாரண கிராம சபைக்குத் தமிழ்நாட்டில் கோரம் மக்கள் தொகையைப் பொறுத்தது: 500 பேர் வரை 50, 3,000 பேர் வரை 100, 10,000 பேர் வரை 200, அதற்கு மேல் 300. வன உரிமைச் சட்டத்தின் விதி வேறு. 2012இல் திருத்தப்பட்டபடி, அச்சட்டம் குறிக்கும் கிராம சபையின் அங்கத்தினரில் பாதிப்பேராவது வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினராவது பெண்களாயிருக்க வேண்டும். 400 பேருக்கு 200 பேர். அவர்களில் 67 பெண்கள். ஆகஸ்டு 15 அன்று கொடியேற்றியபின் நூறு பேரிடம் கையொப்பம் வாங்கிய தீர்மானம், தெருவிளக்குக்குச் செல்லும். காட்டுச் சாலைக்குச் செல்லாது. விதைப்பும் அறுவடையும் நடக்கும் நாட்களைத் தவிர்த்துத் தனிக்கூட்டம் கூட்டுவதே நல்லது. பெண்கள் கூலிக்குப் போகும் நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டுப் பெண்கள் வரவில்லை என்று குறைப்படுவதை நாம் பார்த்திருக்கிறோம்.

மற்றொரு தவறான எண்ணத்தையும் களைய வேண்டும். பழங்குடிப் பகுதிகளின் கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சிலர் தீர்மானத்தில் மேற்கோள் காட்டுகிறார்கள். அது அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும் உரியது. தமிழ்நாட்டில் அத்தகைய பகுதி எதுவும் இல்லை. கல்வராயன் மலைக்கும் அச்சட்டம் பொருந்தாது. பொருந்தாத சட்டத்தைக் காட்டினால் பொருந்துகிற கோரிக்கையும் சந்தேகத்துக்கு ஆளாகிறது.

முறையாக எண்ணி எழுதப்பட்ட தீர்மானத்துக்கு என்ன வலிமை உண்டு என்பதற்கு ஒடிசாவின் நியமகிரி மலை சான்று. அங்கே பாக்சைட் வெட்டும் திட்டத்தைப் பற்றிக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. திட்டம் நின்றது. நம் மலையில் வேண்டாம் என்று சொல்வதற்கன்று, வேண்டும் என்று சொல்வதற்கே சபை கூடுகிறது. பதிவு செய்யும் முறை இரண்டுக்கும் ஒன்றே. கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை வசதிகளைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் தானாகவே வழக்கெடுத்து விசாரித்தது. நீதிமன்றம் கேட்கும் நாளில் காட்டுவதற்கு ஊரிடம் இருக்கக்கூடியது இந்த மினிட் புத்தகமே.

கணக்கைப் பற்றியும் ஒரு சொல். உத்திரமேரூரில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் புகழ் பெற்றவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி தேர்வுக்கு நிற்கலாகாது என்று அவற்றில் விதித்திருப்பதை நாம் தணிக்கைக்குப் போகும் சங்கங்களில் சொல்லிக் காட்டுவது வழக்கம். சிரிப்பார்கள், ஆனாலும் ரொக்கப் புத்தகம் சற்று விரைவாக வெளியே வரும். கிராம சபையிலும் ஊராட்சியின் வரவு செலவையும் தணிக்கை அறிக்கையையும் வாசிக்கச் சொல்லிக் கேட்க ஒவ்வொரு வாக்காளருக்கும் உரிமை உண்டு. வடிகாலுக்கு நிதியில்லை என்று நெசவாளர் தெருவுக்குப் பதில் வருமானால், அந்த வாசிப்பைக் கேட்டபிறகு அப்பதிலை எடைபோடலாம்.

தீர்மானம் நிறைவேறியபின் செய்ய வேண்டியவை சிலவே. கையொப்பங்கள் முடிவதற்குள் எழுதிய வாசகத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பேசியது ஒன்றும் எழுதியது ஒன்றுமாக இருப்பதுண்டு. ஊராட்சிச் செயலரிடம் சான்றிட்ட நகல்கள் பெற்று, ஒன்றை ஒன்றிய அலுவலகத்திலும், வனநிலமாயின் ஒன்றை ரேஞ்சர் அலுவலகத்திலும் கொடுத்து, நாளிட்ட ஒப்புதல் வாங்குங்கள். அந்த ஒப்புதல் சீட்டைச் சங்கத்துப் பெட்டியில் வைத்தாலும் சரியே. அடுத்த கிராம சபையின் முதல் பொருளாக, சென்ற தீர்மானத்தின் மேல் என்ன நடந்தது என்ற கேள்வியை வைத்து, கிடைத்த பதிலையும் மினிட் புத்தகத்தில் ஏற்றச் செய்யுங்கள். பதில் ஏதும் வரவில்லையெனில், வரவில்லை என்பதையே தேதியோடு எழுதலாம்.